திருச்சியிலிருந்து கோவா மோட்டோவர்ஸுக்கு பைக்கில்: திரும்பி வரும் நாளிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: திருச்சியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டுகிறேன். இதுவரை போன நீண்ட பயணம் கொடைக்கானல்தான். நவம்பரில் கோவாவில் ராயல் என்ஃபீல்டு நடத்தும் பைக் விழாவான மோட்டோவர்ஸுக்கு நண்பர்கள் மூன்று பேரோடு, ஆளுக்கொரு பைக்கில் போகலாம் என்று இருக்கிறோம். என் மனைவியும் பின்னால் உட்கார்ந்து வருகிறார். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என நான்கு நாள் லீவு கிடைக்கும். புதன் வேலை முடிந்து ராத்திரியே கிளம்பினால் வியாழன் மதியம் கோவா. ஞாயிறு ராத்திரி கிளம்பி திங்கள் மாலை திருச்சி. செவ்வாய் ஓய்வு. இது சரிவருமா? பைக்கை எப்படித் தயார் செய்ய வேண்டும்?

பதில்: போய் வாருங்கள், அருமையான பயணம். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். கோவா பயணத்தை எல்லோரும் போகிற நாளிலிருந்து போடுகிறார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குச் சேருவது என்று நிமிடக் கணக்கு இருக்கும். திரும்புவதற்கு ஒரு வரிகூட இருக்காது. போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், மனசில் ஆர்வம் இருக்கும், பைக் புதிதாக சர்வீஸ் ஆகியிருக்கும். திரும்பும்போது மூன்று நாள் வெயில், மூன்று ராத்திரி சரியில்லாத தூக்கம், செயினில் செம்மண், மனசில் அலுவலகம். ஆபத்து இருப்பது அந்தப் பக்கம்தான். அதனால் திரும்பும் நாட்களை முதலில் போடுங்கள், மிச்சம் இருப்பதில் போகும் நாட்களைப் பொருத்துங்கள்.

சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த விழாவுக்கு ரைடர் மேனியா என்று பெயர் இருந்த காலம் அது (2023-இல்தான் மோட்டோவர்ஸ் என்று மாறியது). கடைசி ராத்திரி பாட்டு முடிய ஒரு மணி ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஹாவேரி தாண்டி நேர்கோடாக ஓடும் நான்குவழிச் சாலை, மதிய வெயில், வயிறு நிறையச் சாப்பாடு. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கடைசி சில கிலோமீட்டரில் என்ன பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேடு டயரில் தடதடவென்று அடித்த பிறகுதான் நினைவு வந்தது. முன்னால் ஒரு லாரி நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பைக் ஓட்டும்போது தூக்கம் வருவது காரில் வருவது போல இல்லை. சில நேரம் தலை சாயாது, கொட்டாவிகூட வராது. நினைவு மட்டும் போய்விடும். உங்களுக்குப் பின்னால் உங்கள் மனைவி உட்கார்ந்திருப்பார்.

சரி, தூரத்தைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து முசிறி, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு சுமார் 340 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே வழியாக ஹுப்ளி சுமார் 410. ஹுப்ளியிலிருந்து எல்லாப்பூர் வழியாக அங்கோலா 135 போல. அங்கிருந்து கார்வார், மட்காவ், பணஜி தாண்டி விழா நடக்கும் வாகத்தோர் வரை இன்னொரு 160. மொத்தம் ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர். அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. நம் ஊரிலும் அதை முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்கென்று மாதக்கணக்கில் பழகியவர்கள். கொடைக்கானல் வரை போன அனுபவத்தோடு, நாள் முழுக்க வேலை பார்த்த உடம்போடு, ராத்திரியில், இரண்டு பேராக 1,050 கிலோமீட்டரை ஒரே மூச்சில் தொடக்கூடாது.

நான் சொல்லும் கணக்கு இது. புதன் ராத்திரி வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். வியாழன் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி சித்ரதுர்காவில் தங்குங்கள், சுமார் 540 கிலோமீட்டர். வெள்ளி மிச்சம் 500, மாலைக்குள் வாகத்தோர். விழாவின் முதல் பகலை இழப்பீர்கள், அது உண்மைதான். ஆனால் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை முழுசாகக் கிடைக்கும். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி மறுபடி சித்ரதுர்கா, செவ்வாய் மாலை திருச்சி. அலுவலகத்தில் ஐந்தாவது நாள் லீவு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதைத் திரும்பி வந்த பிறகு புதன்கிழமைக்கு வையுங்கள். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தாலே வழியில் அவசரப்பட மாட்டீர்கள். மழை பிடித்தால் ஒதுங்குவீர்கள், உடம்பு முடியவில்லை என்றால் நாலு மணிக்கே அறை எடுப்பீர்கள்.

இப்போது வழி. திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக் கரையோடு போகும் சாலையில் விடிவதற்கு முன் சைக்கிளும் டிராக்டரும் விளக்கில்லாமல் வரும்; அறுபதைத் தாண்டாதீர்கள். நாமக்கல்லில் விடிந்துவிடும். சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் போகும்போது ஏற்றம்தான், பெரிய தொல்லை இல்லை. திரும்பும்போதுதான் அது இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கமாக இறங்கும் அந்த இரட்டைப் பாலப் பகுதியில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிரை வாங்கியிருக்கின்றன என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய் அங்கே வரும்போது நீங்கள் ஆறு நாள் களைப்போடு வருவீர்கள். தர்மபுரியில் இறங்கி டீ குடித்து, முகம் கழுவி, கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மூன்றாவது கியரில் இடது ஓரமாக, கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். லாரிக்கு முன்னாலும் பக்கத்திலும் நிற்காதீர்கள். போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பெங்களூருக்குள் நுழைய வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நைஸ் ரோடு பிடித்தால் ஊரைச் சுற்றி தும்கூர் சாலையில் கொண்டுபோய் விடும். பைக்குக்கும் கட்டணம் உண்டு, அது தரும் நிம்மதிக்கு அந்தக் காசு கொடுக்கலாம். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை அதில் பைக்குக்கு அனுமதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பழைய திட்டப்படி போயிருந்தால் நடுராத்திரி அந்த வாசலில்தான் நின்றிருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்து வழியில் மெதுவாகப் போங்கள், அங்கே மணல் சேர்ந்து கிடக்கும்.

தும்கூர் தாண்டினால் சாலை நன்றாக இருக்கும், காற்று அடிக்கும். சித்ரதுர்கா நெருங்கும்போது மலை மேல் காற்றாலைகள் தெரியும். ஐந்தரை மணிக்குள் சேர்ந்தால் வெளிச்சத்திலேயே அறை பிடித்துவிடலாம். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு கிளம்பி, அறுபது கிலோமீட்டர் தள்ளி தாவணகெரேயில் பென்னே தோசை சாப்பிடுங்கள். வெண்ணெய் உருகி ஓடும் அந்த தோசைக்காகவே நான் அங்கே தங்காமல் சித்ரதுர்காவில் தங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஹுப்ளியிலிருந்து கோவாவுக்கு மூன்று வழி உண்டு. ஒன்று எல்லாப்பூர், அரபைல் காட் (மலைப்பாதை) இறங்கி அங்கோலா போய்க் கடலோரமாக வருவது. இன்னொன்று தார்வாட், ராம்நகர், அன்மோட் காட் வழியாக மொல்லெம் காட்டுக்குள் இறங்குவது. மூன்றாவது பெலகாவி போய் சோர்லா காட். அன்மோட் வழி அழகில் முதல் இடம். ஆனால் சாலை வேலையும் மண்சரிவுமாக அது பல வருடம் பைக்காரர்களை அழவைத்த வழி. போகிற வாரத்தில் அங்கே ஓட்டியவர்களிடம் கேட்காமல் அதில் நுழையாதீர்கள். பின்னால் ஆள் வைத்து முதல் தடவை போகிற உங்களுக்கு அங்கோலா வழியே நல்லது. தூரம் கூடுதல், ஆனால் சாலை அகலம். அரபைல் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். வளைவில் முந்தாதீர்கள், அவ்வளவுதான் விதி. கார்வாரில் காளி நதியின் பழைய பாலம் 2024 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. அதன் பிறகு பக்கத்துப் பாலத்திலேயே இரு பக்க வண்டிகளும் போகத் தொடங்கின. பழைய வீடியோக்களில் பார்த்த மாதிரி ஒருவழிதானே என்று நினைத்து நடுவில் ஓட்டிவிடாதீர்கள். கோவாவுக்குள் வந்த பிறகு காணகோணா தாண்டி வரும் கர்மல் காட் மலைப்பாதையிலும் அதே கவனம் வேண்டும். பணஜியில் மாண்டவி நதி மேல் உயரமாகத் தெரியும் அடல் சேது பாலத்தில் பைக்குக்கு அனுமதி இல்லை. மேப் அந்தப் பக்கம் காட்டினாலும் கீழே உள்ள பழைய பாலத்திலேயே போங்கள்.

மழையைப் பற்றி எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். நவம்பரில் கோவா காய்ந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை அங்கே முடிந்துவிட்டிருக்கும். அதை நம்பி ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஆனால் நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். நனையப் போவது கோவாவில் இல்லை. முசிறியிலும் நாமக்கல்லிலும்தான், அதுவும் வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் இருக்கும்போது. மேலே போடும் ரெயின்கோட், பேன்ட் இரண்டும் இருவருக்கும் வேண்டும். பையின் மேல்பட்டையில் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். துணிகளை உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பையில் சுற்றிவிட்டால் எந்தப் பையானாலும் பரவாயில்லை. புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று அறிவிப்பு வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடக் கூச்சப்படாதீர்கள்.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி நல்ல வண்டி. 195 கிலோ எடை, 13 லிட்டர் டேங்க். இரண்டு பேரும் லக்கேஜும் இருந்தால் லிட்டருக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். 250 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்புங்கள், ரிசர்வ் வரை காத்திருக்க வேண்டாம். எண்பதிலிருந்து தொண்ணூறுக்குள் ஓட்டினால் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். அதற்கு மேல் முறுக்கினால் வண்டியைவிட உங்கள் தோளும் காதும்தான் முதலில் களைக்கும். போக வர 2,100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆறாயிரத்து ஐநூறிலிருந்து ஏழாயிரம் ரூபாய் வரை ஆகும். கர்நாடகாவைவிட கோவாவில் விலை குறைவு, திரும்பும்போது அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சர்வீஸைப் பயணத்துக்கு முதல் நாள் விடாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் விடுங்கள். சர்வீஸில் கை வைத்த இடம்தான் பிறகு கழன்று வரும். ஒருமுறை சர்வீஸ் எடுத்த மறுநாளே கிளம்பி, பின்சக்கர அச்சு நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்ததைக் கிருஷ்ணகிரியில் கண்டுபிடித்தேன். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தால் இந்த மாதிரித் தப்புகள் ஊருக்குள்ளேயே வெளியே வந்துவிடும். ஆயில், பிரேக் பேட், செயின் இறுக்கம், பேட்டரி, டயர் பட்டன் எல்லாவற்றையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் உட்காருவதற்கான காற்றழுத்தம் மேனுவலில் தனியாக இருக்கும். அதைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (மசகு எண்ணெய் ஸ்ப்ரே) அடியுங்கள். சித்ரதுர்காவில் அறைக்குப் போவதற்கு முன், செயின் சூடாக இருக்கும்போதே அடித்தால் நன்றாக உள்ளே இறங்கும்.

கிளாசிக்கில் ஸ்போக் வீல் என்றால் உள்ளே டியூப் இருக்கும். பஞ்சர் கிட்டில் வரும் அந்த ரப்பர் திரி உங்களுக்கு உதவாது, அது டியூப்லெஸ்ஸுக்கு. முன்சக்கரத்துக்கு ஒரு டியூப் (19 அங்குலம்), பின்சக்கரத்துக்கு ஒன்று (18 அங்குலம்) எடுத்து வையுங்கள். அளவான டியூப் கையில் இருந்தால் எந்தச் சின்ன ஊர் பஞ்சர் கடையிலும் அரை மணியில் வேலை முடியும். கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் உபரி வேண்டும். அவற்றைப் பையில் வைக்காமல், இருக்கும் கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு டேப் சுற்றிவைக்கச் சொல்லுங்கள். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாட்டினால் போதும். ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, பிளக், ஸ்பேனர், கம்பி, டேப். இதற்கு மேல் சுமக்க வேண்டாம். மற்ற மூன்று பேரின் வண்டியும் என்ன என்று பார்த்து, ஒரே சாமானை நான்கு பேரும் தூக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

லக்கேஜைக் கட்டுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். அது நழுவினால் நேராகச் சக்கரத்துக்குள் போகும். பக்கிள் வைத்த நாடாப் பட்டை வாங்குங்கள், கட்டிய பிறகு தொங்கும் முனையையும் முடிச்சுப் போடுங்கள். பக்கவாட்டுப் பை மாட்டினால் இரும்புத் தாங்கி கட்டாயம். இல்லையென்றால் பை சைலன்சரில் உரசி உருகிவிடும். கனமானது கீழே, வண்டியின் நடுவுக்கு அருகில். பின்னால் உயரமாக எதையும் ஏற்றாதீர்கள், முன்சக்கரம் லேசாகிவிடும்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பயணத்தில் பாதி அவருடையது. ஓட்டுகிறவருக்குச் சாலை இருக்கிறது, கைக்கு வேலை இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு எட்டு மணி நேரம் ஒரே நிலையில் உட்காருவதுதான் வேலை. அவருக்கும் முழு ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். உங்களுக்கு வாங்கிய தரத்திலேயே வாங்குங்கள். முதுகுக்குச் சாய ஒரு பேக்ரெஸ்ட் போடுங்கள். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அவர் கேட்டால் உடனே நிறுத்துங்கள். இடைவழியில் கழிப்பறைக்காகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதுதான் தலைவலியில் கொண்டுபோய் விடும். பெரிய ஹோட்டல்களாகப் பார்த்து நிறுத்துங்கள், ஓஆர்எஸ் பாக்கெட் வைத்திருங்கள். திரும்பும் செவ்வாய்க்கிழமைக்கு பெங்களூருவிலிருந்து திருச்சிக்கு அவர் பெயரில் ஒரு ரயில் டிக்கெட் எடுத்து வையுங்கள். வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவர் வலியை மறைக்க மாட்டார்.

நான்கு பைக்குகள் என்பது நல்ல அளவு. வழி தெரிந்தவர் முன்னால், அனுபவம் அதிகமுள்ளவர் கடைசியில், நீங்கள் ஆள் ஏற்றியிருப்பதால் இரண்டாவது. உங்கள் வேகம்தான் கூட்டத்தின் வேகம் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பிரிந்துவிட்டால் துரத்தவே கூடாது. அடுத்துச் சேரும் இடம் எந்த பங்க் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டால் துரத்த வேண்டியே இருக்காது. நீங்களும் மனைவியும் காதில் பஞ்சு மாதிரி இருக்கும் இயர்பிளக் வையுங்கள். காற்றின் இரைச்சல் நாள் முழுக்க அடித்தால் அதுவே பாதிக் களைப்பு. மதியம் முழுச் சாப்பாடு வேண்டாம். இரண்டு இட்லி, மோர், பழம் போதும்.

வாகத்தோரில் அறையை இப்போதே பிடியுங்கள், நவம்பர் நெருங்க நெருங்க வாடகை ஏறும். விழா நடக்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். அஞ்சுனா, அசகாவ் பக்கம் மலிவாகக் கிடைத்தாலும் ராத்திரி பைக் எடுக்க வேண்டியிருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூடக் கிடைக்கலாம். குடிக்காதவர்களுக்கும் அந்தக் குறுகலான சாலைகள் ராத்திரியில் பாதுகாப்பில்லை. வெளிமாநில பைக்குகளை கோவா போலீஸ் நிறுத்திப் பார்ப்பது வழக்கம்; ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருக்கட்டும், நகலும் ஒன்று வையுங்கள். சத்தம் போடும் சைலன்சர் நண்பர்கள் யாராவது மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

விழாவில் மண் தடத்தில் நடக்கும் பந்தயத்தையும், மெக்கானிக்குகள் சொந்தமாகச் செதுக்கிக் கொண்டுவரும் வண்டிகளையும் தவறவிடாதீர்கள். 1955-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனியின் வண்டியை நாடு முழுக்க இருந்து ஆட்கள் ஓட்டிக்கொண்டு வந்து ஒரே மைதானத்தில் நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை வரும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை ஒன்றை இருவரும் சட்டைப் பையில் வைத்திருங்கள். போன் பூட்டியிருந்தால் யாருக்கும் உதவாது.

கடைசியாக ஒன்று. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே லக்கேஜைக் கட்டி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போய் அன்றே திரும்புங்கள். போக வர 470 கிலோமீட்டர் வரும், பாம்பனில் குறுக்குக்காற்றும் கிடைக்கும். திரும்பி வந்த அன்று ராத்திரி இருவருக்கும் எங்கெங்கே வலித்தது என்று தனித்தனியாக எழுதி எனக்கு அனுப்புங்கள். சீட்டை மாற்ற வேண்டுமா, ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டுமா, இல்லை பயணத்தை இன்னும் ஒரு நாள் நீட்ட வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.